எச்சத்தைப் பார், அப்புறம் மருந்து: கோழிக்குஞ்சின் வயிற்றுக் கோளாறுக்கு வீட்டு வழிமுறை

காட்பாடியில் எங்கள் தெருவில் கோடை விடுமுறை வந்தாலே சாயக் குஞ்சு விற்பவரும் வந்துவிடுவார். சைக்கிளின் பின்னால் கூடை, கூடைக்குள் ரோஸும் பச்சையுமாகக் கீச்சுக்கீச்சென்று நூறு குஞ்சு. பிள்ளைகள் அடம்பிடித்து ஆளுக்கு ரெண்டு வாங்குவார்கள். மூன்றாம் நாள் காலையில் எங்கள் வீட்டுக் கதவு தட்டப்படும். அட்டைப்பெட்டியை நீட்டி, "அக்கா, இது தூங்கினே கீது" என்பான் எதிர்வீட்டுப் பையன். பொய்கைச் சந்தையில் நாட்டுக்கோழிக் குஞ்சு வாங்கி வந்தவர்களும் இப்படித்தான் வருவார்கள். பன்னிரண்டு வருடமாக மாடியில் கோழி வளர்க்கிறேன் என்பதால் தெருவுக்கு நான்தான் பாதி டாக்டர்.

நான் டாக்டர் இல்லை. ஆனால் வருகிற பெட்டிகளில் பாதிக்கு மேல் குஞ்சுக்கு நோயே இருக்காது. பெட்டியில்தான் கோளாறு இருக்கும்: சூடு போதவில்லை, தண்ணீர் அழுக்கு, தரை ஈரம். மீதியில் ரெண்டு நோய்கள் மட்டும் ஒரு நாள்கூடக் காத்திருக்காதவை. எது எது என்று எச்சமே காட்டிக்கொடுக்கும்.

எந்த அறிகுறியானாலும் முதல் பத்து நிமிடம்

சோர்ந்த குஞ்சைத் தனிப் பெட்டிக்கு மாற்றுங்கள். அடியில் வெள்ளைத் துணியோ டிஷ்யூ பேப்பரோ விரியுங்கள். உமியில் விழுந்த எச்சத்தின் நிறம் தெரியாது, வெள்ளையில் விழுந்தால் பளிச்சென்று தெரியும். செய்தித்தாள் மட்டும் வேண்டாம், குஞ்சின் கால் வழுக்கி அகன்றுவிடும்.

அடுத்தது சூடு. முதல் வாரக் குஞ்சுக்குச் சுமார் 35 டிகிரி தேவை, பிறகு வாரத்துக்கு ரெண்டு மூன்று டிகிரியாகக் குறைத்துக்கொண்டே போகலாம். தெர்மாமீட்டர் இல்லையென்றால் குஞ்சுகளையே பாருங்கள். பல்பின் அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றால் குளிர். மூலைக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அதிகச் சூடு. பரவலாக மேய்ந்தால் சரி. இப்போது அடிக்கடி பார்க்கிற தப்பு, பெட்டியில் எல்.இ.டி. பல்பு மாட்டுவது. வெளிச்சம் நன்றாக இருக்கும், சூடு வராது. கடையில் கேட்டு 60 வாட் குண்டு பல்பு வாங்குங்கள். மார்கழி, தை ராத்திரிகளில் வேலூரிலும் குஞ்சு நடுங்கும். அதே வேலூரில் அக்னி நட்சத்திரத்து மதியம் பல்பே வேண்டாம், அணைத்துவிடுங்கள்.

கடைசியாகத் தண்ணீர். சோர்ந்த குஞ்சு தானாகப் போய்க் குடிக்காது. அலகின் நுனியை ஒருமுறை தண்ணீரில் தொட்டு எடுங்கள், அல்லது ஃபில்லரால் அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு விடுங்கள், விழுங்கியதும் அடுத்த சொட்டு. வாய்க்குள் பீய்ச்சினால் நுரையீரலுக்குப் போய்விடும். கோழிக்கான எலக்ட்ரோலைட் பொடி கால்நடை மருந்துக்கடையில் கிடைக்கும், பொட்டலத்தில் சொன்ன அளவுக்குக் கலக்குங்கள். வீட்டு உப்பைக் கைக்கணக்கில் போடாதீர்கள். உப்பு கொஞ்சம் கூடினாலும் குஞ்சு தாங்காது.

இதைச் செய்து ரெண்டு மணி நேரத்தில் குஞ்சு எழுந்து கொத்த ஆரம்பித்தால் பெரும்பாலும் மருந்து தேவைப்படாது.

இது கோளாறே இல்லை

பழுப்பு உருண்டை, மேலே வெள்ளைத் தொப்பி: இதுதான் நல்ல எச்சம். வெள்ளை என்பது கோழியின் சிறுநீர்ப் பகுதி. எட்டுப் பத்து எச்சத்துக்கு ஒருமுறை புளிச்சாதம் மாதிரி குழைந்து, அரக்கு நிறத்தில், மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றத்தோடு ஒன்று விழும். அது குடல்வால் காலியாகும் எச்சம். அதைப் பார்த்துப் பயந்து வருகிறவர்கள்தான் அதிகம். திரும்பிப் போகச் சொல்லிவிடுவேன்.

அறிகுறி: பின்பக்கம் எச்சம் காய்ந்து அடைத்துக்கொண்டிருக்கிறது

பிறந்த முதல் வாரத்தில் இதுதான் அதிகம். பயணக் களைப்பு, குளிர், தண்ணீர்த் தாகம், இந்த மூன்றில் ஒன்று காரணமாக இருக்கும். அடைப்பை அப்படியே விட்டால் எச்சம் வெளியேற வழியில்லாமல் ரெண்டே நாளில் செத்துவிடும்.

முதலில் எங்கே ஒட்டியிருக்கிறது என்று சரியாகப் பாருங்கள். வயிற்றுக்குக் கீழே, சற்று முன்னால், காய்ந்த கறுப்பு நூல் மாதிரி இருந்தால் அது தொப்புள்கொடி. அதைத் தொடவே கூடாது, இழுத்தால் குடல் வெளியே வரும். வாலுக்கு நேர் அடியில் இருப்பதுதான் ஆசனவாய்.

டம்ளரில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், மணிக்கட்டில் ஊற்றினால் சுடக்கூடாது. குஞ்சை உள்ளங்கையில் முதுகு மேலே இருக்கும்படி பிடித்து, பின்பக்கத்தை மட்டும் தண்ணீரில் அரை நிமிடம் வையுங்கள். கட்டி ஊறிச் சுண்ணாம்புக் குழம்பு மாதிரி ஆகும். பஞ்சால் கீழ்நோக்கித் துடையுங்கள். வராத இடத்தில் இழுக்காதீர்கள், மறுபடியும் ஊறவையுங்கள். இழுத்தால் பூமயிரோடு தோலும் வந்துவிடும், அந்தச் சிவப்பை மற்ற குஞ்சுகள் கொத்தும். அடைப்பு திறந்ததும் பெரும்பாலும் உங்கள் கையிலேயே பீய்ச்சி அடிக்கும். நல்ல அறிகுறி, திட்டாதீர்கள். ஈரத்தைத் துடைத்து, பல்பின் அடியில் முழுசாகக் காய்ந்த பிறகு, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி மற்றவற்றோடு விடுங்கள்.

ஒரு குஞ்சுக்கு ஒருமுறை வந்தால் இதோடு சரி. அதே குஞ்சுக்குத் தினமும் அடைத்தால் சூட்டையும் தீவனத்தையும் மாற்ற வேண்டும். சாதமும் பிஸ்கட்டும் மட்டும் போட்டு வளர்க்கும் வீடுகளில் இது ஓயாது. குஞ்சுத் தீவனத்துக்கு மாறினால் பெரும்பாலும் நின்றுவிடும். ஒரே நேரத்தில் நாலைந்து குஞ்சுக்கு அடைத்து, தினம் ஒன்றிரண்டு சாகவும் செய்தால் அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

அறிகுறி: வெள்ளையாக, பசை மாதிரி போகிறது

குஞ்சு ஓடியாடுகிறது, வெள்ளை கொஞ்சம் அதிகம்: தண்ணீர் போதவில்லை. தட்டைக் கழுவிப் புதுத் தண்ணீர் வையுங்கள்.

வயது மூன்று வாரத்துக்குள், கண் சொக்கி, இறக்கை தொங்கி, எச்சம் போகும்போது கத்துகிறது, கூடவே வாங்கியவை வரிசையாகச் சாகின்றன: சால்மொனெல்லா வகைக் கிருமியாக இருக்கலாம். தாய்க்கோழியிடமிருந்து முட்டை வழியாகவே வரக்கூடியது. இதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது. பிழைத்த குஞ்சும் கிருமியைச் சுமந்துகொண்டே வளரும், அதன் முட்டையை அடைவைக்கக் கூடாது. கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள், செத்த குஞ்சு இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு. பிள்ளைகள் குஞ்சைத் தொட்ட கையோடு முறுக்குத் தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சால்மொனெல்லா வகைகளில் சில மனிதர் வயிற்றையும் கலக்கிவிடும்.

அறிகுறி: தண்ணீராகப் போகிறது, ஆனால் நிறம் இல்லை

சித்திரை, வைகாசியில் மாடியில் வைத்திருந்தால் வெயில்தான் காரணம். குஞ்சு வாயைத் திறந்து மூச்சு வாங்கும், நிறையத் தண்ணீர் குடிக்கும், குடித்தது அப்படியே வெளியே வரும். கீழ்த்தளத்துக்கு மாற்றி, பக்கத்தில் ஈரச் சாக்கு தொங்கவிட்டால் சாயங்காலத்துக்குள் சரியாகும்.

வெயில் இல்லையென்றால் தீவனத்தை முகர்ந்து பாருங்கள். காலையில் போட்ட சாதம் மதியம் புளித்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூட்டைத் தீவனம் பூசணம் பிடிக்கும், மல்லாட்டைப் புண்ணாக்கில் ரொம்பச் சீக்கிரம். பூசணத்தின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும், வெயிலில் காயவைத்தாலும் போகாது. தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

இரண்டும் சரியாக இருந்தும் இரண்டு நாளுக்கு மேல் தண்ணீராகவே போனால், எச்சத்தைச் சின்ன கவரில் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். மைக்ரோஸ்கோப் இருக்கும் இடமாக இருந்தால் பார்த்துச் சொல்வார்கள்.

அறிகுறி: இரத்தம்

காத்திருக்காத முதல் நோய் இது: இரத்தக்கழிச்சல். மூன்று முதல் ஆறு வார வயதில் அதிகம். மழைக்காலத்தில், ஈரத் தரையில், நெருக்கமாக வளர்க்கும் இடத்தில் வரும்.

உண்மையில் இரத்தமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். தர்பூசணி தின்றாலும் எச்சம் சிவக்கும், கேழ்வரகு கருஞ்சிவப்பாக்கும். வெள்ளை டிஷ்யூவில் எச்சத்தை அழுத்திப் பாருங்கள். எப்போதாவது ஒருமுறை ஆரஞ்சு நிறத்தில் சதைத் துணுக்கு மாதிரி வந்து, குஞ்சும் நன்றாகத் தின்றால், குடலின் மேல்தோல் உதிர்ந்தது, கவனித்தால் போதும். பளிச்சென்ற சிவப்போ உறைந்த கட்டியோ வந்தால், அல்லது குஞ்சு முடங்கி, கொண்டை வெளுத்து, இறகைச் சிலிர்த்து நின்றால் அன்றைக்கே ஆரம்பியுங்கள்.

எனக்கு இது பாடம் சொல்லிக்கொடுத்த விதம் நல்லதாக இல்லை. முதல் வருடம் பதினோரு குஞ்சு. ஒன்றின் எச்சத்தில் சிவப்பைப் பார்த்தேன். "உடம்புச் சூடு, மோர் குடு" என்றார் பக்கத்து வீட்டு ஆயா. கொடுத்தேன். ஒரு கால்நடை மருந்துக்கடையில் கேட்டபோது, எல்லாவற்றுக்கும் ஆகும் என்று ஏதோ ஆன்டிபயாடிக் பொடியைக் கட்டிக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் பெட்டியைத் திறந்தபோது ஆறு கிடந்தன. இது பாக்டீரியா இல்லை, குடல் சுவரைத் துளைக்கும் ஒரு செல் ஒட்டுண்ணி. ஐமீரியா என்று பெயர். அதைச் சுமந்த எச்சம் ஈரத்தில் ஒன்றிரண்டு நாளில் தொற்றும் பக்குவத்துக்கு வரும், குஞ்சு அதைக் கொத்தி விழுங்கிய நாலைந்தாம் நாள் இரத்தம் தெரியும். அதாவது ஒரு குஞ்சில் சிவப்பைப் பார்க்கிற நேரத்தில் மற்றவையும் ஏற்கெனவே விழுங்கியிருக்கும். அதனால் மருந்து எல்லாவற்றுக்கும்தான், நோய்பட்ட ஒன்றுக்கு மட்டும் இல்லை.

கடையில் ஆம்ப்ரோலியம் என்று பெயர் சொல்லியே கேளுங்கள். பெரும்பாலும் 20 சதவீதத் தூளாகக் கிடைக்கும். அந்தத் தூளில் 1 லிட்டர் தண்ணீருக்கு 1.2 கிராம், 5 நாள். பிறகு அளவைக் கால் பங்காக்கி, அதாவது லிட்டருக்கு 0.3 கிராம், இன்னும் ஒரு வாரம் முதல் ரெண்டு வாரம். வேறு சதவீதத் தூள் என்றால் இந்தக் கணக்கு செல்லாது, லேபிளைப் படியுங்கள் அல்லது டாக்டரைக் கேளுங்கள். நாலு குஞ்சு ஒரு நாளில் ஒரு லிட்டர் குடிக்காது என்றாலும் ஒரு லிட்டராகவே கலந்து மீதியைக் கொட்டுங்கள். கால் லிட்டருக்கு அளந்து போடும் அளவுக்கு வீட்டுத் தராசு துல்லியம் கிடையாது. தினமும் புதிதாகக் கலக்குங்கள், வேறு தண்ணீர் வைக்காதீர்கள். இந்த நாட்களில் பி1 வைட்டமின் கலந்த டானிக்கை நிறுத்துங்கள். ஒட்டுண்ணிக்கு அந்த வைட்டமின் கிடைக்காமல் செய்துதான் ஆம்ப்ரோலியம் வேலை செய்கிறது, நீங்களே ஊட்டிவிட்டால் மருந்து வீண்.

மருந்து பாதி வேலைதான் செய்யும், மீதி தரையில் இருக்கிறது. உமியை மொத்தமாக அள்ளி, கவரில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பெட்டி அட்டையாக இருந்தால் தூக்கி எறியுங்கள், பிளாஸ்டிக் டப் என்றால் கொதிநீர் ஊற்றி வெயிலில் காயவையுங்கள். பினாயில், பிளீச்சிங் பவுடர் எதற்கும் எச்சத்தில் இருக்கும் இந்த ஒட்டுண்ணியின் முட்டைகள் அசையாது. பிறகு தினமும் எச்சத்தை அள்ளுங்கள், ஒன்றிரண்டு நாள் கணக்குக்குள் அள்ளிவிட்டால் சங்கிலி அறுந்துவிடும். ஆற்காடு, ஆரணி பக்கத்து அரிசி மில் உமி மலிவு, தாராளமாக மாற்றலாம். மணல் நல்ல தரைதான், ஆனால் பாலாற்று மணல் வீடு கட்டவே கிடைக்காத காலத்தில் கோழிக்கு எங்கே போவது.

கீழாநெல்லி, சீரகம், மிளகு, மஞ்சள், பூண்டு அரைத்த உருண்டையைப் பற்றிக் கேட்பார்கள். சளி, மந்தத்துக்கு நானும் கொடுப்பதுண்டு. இரத்தம் பார்த்த அன்றைக்கு அதை நம்பிக் காத்திருக்க மாட்டேன்.

டாக்டரிடம் போக வேண்டிய இடம்: மருந்து தொடங்கி 48 மணி நேரம் கழித்தும் இரத்தம் நிற்கவில்லை, ஒரே நாளில் ரெண்டு செத்தது, அல்லது குஞ்சு தண்ணீரே குடிக்கவில்லை.

அறிகுறி: பச்சையும் வெள்ளையுமாகப் போகிறது

ரெண்டு மூன்று வேளை தின்னாத குஞ்சுக்கும் பித்தம் இறங்கி எச்சம் பச்சையாகும். கீரை தின்றாலும் ஆகும். அதனால் பச்சையை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். கூடவே இருமல், கொர்கொர் மூச்சு, கழுத்து முறுக்கிக்கொள்வது, கால் இறக்கை விழுந்துபோவது, இவற்றில் ஒன்று இருந்தால் இதுதான் காத்திருக்காத இரண்டாவது நோய். ராணிக்கெட், நம் பக்கத்து வழக்கில் வெள்ளைக்கழிச்சல்.

நிறைய பேர் ராணிக்கெட்டை ராணிப்பேட்டை நோய் என்று நினைக்கிறார்கள். பெயர் இமயமலைப் பகுதி ஊரான ராணிக்கெட்டிலிருந்து வந்தது. நம் ராணிப்பேட்டையில் இருப்பது அதற்கு எதிர்ப்பக்கம்: 1932 முதல் நடக்கும் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம், இந்த நோய்க்கான தடுப்பு மருந்தும் அங்கே தயாராகிறது.

இது வைரஸ், மருந்து கிடையாது. ஆன்டிபயாடிக் கொடுத்துப் பிழைத்தது என்று யாராவது சொன்னால் அது வேறு நோயாக இருந்திருக்கும். குஞ்சைத் தனியே வைத்து, மற்ற கோழி இருக்கும் வீட்டுக்குப் போகாமல், கால்நடை மருத்துவமனைக்குத் தகவல் சொல்லுங்கள். கோழிகள் திடீரென்று கூட்டமாகச் செத்தாலும் இதையே செய்யுங்கள், செத்ததைக் கையால் தொடாமல்.

வராமல் தடுக்கத் தடுப்பு மருந்து உண்டு: முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நாலாவது வாரத்தையொட்டி மறுபடியும், எட்டாவது வாரத்தில் ஊசி. ஒரு குப்பி நூறு குஞ்சுக்கு மேல் வரும், கலந்த பின் ரெண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். நாலு குஞ்சுக்காக வாங்குவதைவிட, தெருவில் வளர்ப்பவர்கள் சேர்ந்து ஒரே நாளில் போட்டுக்கொள்வதோ, அரசு மருத்துவமனையில் கேட்பதோ நல்லது. பெரிய கோழிக்கு மாசி ஒட்டி, பிப்ரவரியில், அரசு முகாம் நடக்கும்.

அறிகுறி: கழுத்தடிப் பை வீங்கியிருக்கிறது

மார்புக்கு மேலே வலப்பக்கம் இருக்கிற இரைப்பையைச் சொல்கிறேன். ராத்திரி நிறைந்திருப்பது இயல்பு. தீவனத்தை இரவு எடுத்துவிட்டு விடிகாலையில் தொட்டுப் பாருங்கள், காலியாக இருக்க வேண்டும்.

காலையிலும் கல் மாதிரி கெட்டி: நீளப் புல், தேங்காய் நார், சாக்கு நூல் ஏதாவது அடைத்திருக்கும். ரெண்டு சொட்டு நல்லெண்ணெய், கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர், பிறகு விரல் நுனியால் மெதுவாக உருட்டி விடுங்கள், நாளைக்கு மூன்று நாலு தடவை. ஒரு நாளில் இளகவில்லையென்றால் டாக்டர்தான், கிழித்து எடுக்கும் வேலை அது.

காலையில் தண்ணீர் பலூன் மாதிரி தளதளவென்று, வாயில் புளித்த மாவு வாசம்: பூஞ்சை. சாதத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் மருந்து கேளுங்கள். தலைகீழாகப் பிடித்து வாந்தியெடுக்க வைக்கும் வித்தையை யாராவது காட்டினால் செய்யாதீர்கள், மூச்சுக்குழாயில் போய் உங்கள் கையிலேயே சாகும்.

அறிகுறி: தின்கிறது, ஆனால் தேறவில்லை

ரெண்டு மாதம் ஆன குஞ்சு என்றால் குடற்புழு. மூன்று வாரக் குஞ்சுக்குப் புழு மருந்து கேட்டு வருகிறார்கள். உருண்டைப்புழு குடலில் வளர்ந்து முட்டையிடவே ஐந்து வாரத்துக்கு மேல் ஆகும், அந்த வயதில் வேறு காரணத்தைத் தேடுங்கள். மருந்தும் அளவும் எடையைப் பொறுத்தது. சமையலறைத் தராசில் எடை பார்த்துக்கொண்டு போனால் டாக்டருக்கு வேலை சுலபம்.

டாக்டரிடம் போகும்போது

குஞ்சுக்காக 1962 எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸ் வண்டியைக் கூப்பிட வேண்டியதில்லை, நகர முடியாத மாட்டுக்கு அது வரட்டும். செருப்பு டப்பாவில் ஓட்டை போட்டு நாமே தூக்கிக்கொண்டு போகலாம். காலையிலேயே போங்கள். மனிதருக்கான பேதி மாத்திரையைப் பொடித்துக் கொடுத்திருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். எத்தனை நாள் வயது, எங்கே வாங்கியது, என்ன தீவனம், எத்தனை செத்தது, இந்த நாலும் கேட்பார்கள்.

செத்துப்போன குஞ்சையும் குப்பையில் போடாமல் எடுத்துப் போங்கள். அறுத்துப் பார்த்தால் பெட்டியில் மிச்சமிருப்பவற்றுக்கு என்ன மருந்து என்று தெரிந்துவிடும். ரெண்டு கவர் போட்டுக் கட்டி, ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் வையுங்கள். ஃப்ரீசரில் வைத்து உறைய விட்டால் குடலைப் பிரித்துப் பார்க்க முடியாது.